எட்டு ஹண்ட்ரட்வெயிட்டுக்குள் ஒரு கார்: பாண்ட் மினிகார் எழுந்ததும் விழுந்ததும்

1962 நவம்பரில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்திலிருந்து நிதியமைச்சருக்கு ஒரு தந்தி போனது. அனுப்பியவர் டாம் கிராட்ரிக்ஸ். பாண்ட் மினிகார் என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்த ஷார்ப்ஸ் கமர்ஷியல்ஸ் என்ற கம்பெனியின் தலைவர். நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அப்போதுதான் கார்களுக்கான கொள்முதல் வரியை 45 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைத்திருந்தார். கார் வாங்கக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் நல்ல செய்தி. பிரெஸ்டனில் மட்டும் கலக்கம். மூன்று சக்கர வண்டிகளுக்கும் அதே மாதிரி வரியைக் குறைக்காவிட்டால் 300 பேருக்கு வேலை போகும், ஃபேக்டரியையே மூட வேண்டி வரலாம் என்றது தந்தி. வரி குறையவில்லை. நான்கு வருடத்தில், 1966-இல், கடைசி பாண்ட் மினிகார் அந்த ஃபேக்டரியை விட்டு வெளியே வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வரிச்சலுகையால் பிறந்த வண்டி, சலுகை போனதும் செத்தது என்று. பாதி உண்மைதான். மீதியைத் தெரிந்துகொள்ள அந்த வண்டியின் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அப்புறம், தெற்கே டாம்வொர்த் நகரத்தில் அதே வரி, அதே மூன்று சக்கரம் என்று பிழைத்துக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனிக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும்.

சட்டம் விட்டுவைத்த சந்து

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிரிட்டனில் கையில் பணமிருந்தாலும் புதுக் கார் கிடைக்காது. நாடு கடனில் மூழ்கியிருந்தது. டாலர் வேண்டும், அதற்கு ஏற்றுமதி வேண்டும். எந்தக் கம்பெனி எவ்வளவு ஏற்றுமதி செய்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எஃகு ஒதுக்கீடு. அதனால் நல்ல கார்கள் கப்பல் ஏறின. உள்ளூர்க்காரர் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். பெட்ரோலுக்கு ரேஷன். அது 1950 மே மாதக் கடைசியில்தான் ஒழிந்தது. விலைக்கு மேல் கொள்முதல் வரி வேறு. 1951-இல் அது 66 சதவீதத்தையும் தாண்டியது.

இந்த நிலைமையில் ஒரு ஃபேக்டரித் தொழிலாளியின் குடும்ப வண்டி எதுவென்றால், சைடுகார் மாட்டிய மோட்டார் சைக்கிள். அப்பா ஓட்டுவார், அம்மா பின்னால், பிள்ளைகள் சைடுகாருக்குள். லங்காஷயர் மழையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது.

சட்டம் இவர்களுக்கு ஒரு சந்து விட்டுவைத்திருந்தது. மூன்று சக்கர வண்டியின் வெற்று எடை எட்டு ஹண்ட்ரட்வெயிட்டுக்குள், அதாவது சுமார் 406 கிலோவுக்குள், இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது மோட்டார் சைக்கிள் சாதி. கொள்முதல் வரி குறைவு. காருக்கு வருடச் சாலைவரி 10 பவுண்டு என்றால் இதற்கு 5. இன்ஷூரன்ஸும் மலிவு. எல்லாவற்றையும் விடப் பெரிய சலுகை, மோட்டார் சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்பது. ஆனால் ரிவர்ஸ் கியர் இருக்கக்கூடாது. இருந்தால் அது கார் ஆகிவிடும். ரிவர்ஸ் உள்ள கியர்பாக்ஸை வைத்து வண்டி செய்தவர்கள் அந்தக் கியர் விழாதபடி அடைத்துக் கொடுத்த வேடிக்கையெல்லாம் நடந்தது.

பத்து வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒருவர், இனிமேல் போய் ரிவர்ஸ் எடுத்துக்காட்டி கார் டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று டெஸ்டில் தோற்றவர்களுக்குத் தெரியும்.

ஆக மூன்று சக்கரம், 406 கிலோ, ரிவர்ஸ் கிடையாது. எஞ்சினைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே வண்டியின் பாதி உருவத்தைச் சட்டம் வரைந்து வைத்திருந்தது.

லாரன்ஸ் பாண்டின் கணக்கு

லாரன்ஸ் பாண்ட் பிரெஸ்டன்காரர். எஞ்சினியர். போருக்கு முன் பிளாக்பர்ன் விமானக் கம்பெனியில் வேலை. போர்க்காலத்தில் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி தொடங்கி விமான உதிரி பாகங்கள் செய்துகொடுத்தார். போர் முடிந்ததும் அந்த ஆர்டர்கள் நின்றன. கையில் மிஞ்சியது அலுமினியத் தகட்டைப் பற்றிய அனுபவம். விமானத்துக்கு உள்ளே கனமான சட்டகம் கிடையாது. தகட்டை மடித்து வளைத்து, அந்த உடம்பே பாரத்தைத் தாங்கும்படி செய்வார்கள். எஃகுதான் கிடைக்கவில்லையே. எடை வேறு குறைய வேண்டும். இரண்டு தேவைக்கும் விமானத்து வித்தை பொருந்தியது.

1948-இல் அவர் செய்து காட்டிய முதல் வண்டியில் இருந்தது வில்லியர்ஸ் கம்பெனியின் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எடை 90 கிலோவுக்குள். ஒரு காலன் பெட்ரோலுக்கு 100 மைலுக்கு மேல் போகும் என்றார்கள். நம் கணக்கில் லிட்டருக்கு 35 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 30 மைலில், அதாவது 48 கிலோமீட்டரில், நிதானமாக ஓடும். கடைத்தெருவுக்குப் போக, பக்கத்து ஊரில் ஒருவரைப் பார்த்துவிட்டு வர, இருபது முப்பது மைல் சுற்றளவுக்கான வண்டி என்றுதான் அதைப் பற்றிச் சொன்னார்கள். லண்டன் வரை போகலாம் என்று யாரும் கதை அளக்கவில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பிற்பாடு வந்த விளம்பரங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது.

தயாரிக்க அவரிடம் இடமில்லை. பிரெஸ்டனில் ரிபில்டன் லேன் என்ற தெருவில் ஷார்ப்ஸ் கமர்ஷியல்ஸுக்கு ஒரு பெரிய ஃபேக்டரி இருந்தது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் அரசாங்க ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்த இடம். அதை நடத்திய கர்னல் கிரேயிடம் போய் வாடகைக்கு இடம் கேட்டார் பாண்ட். கிரே இடம் தர மறுத்தார். ஆனால் ஒப்பந்தம் முடியப்போகிறது, ஆட்களுக்கு வேலை வேண்டும் என்ற கவலை அவருக்கு. வண்டியை நாங்களே செய்து விற்கிறோம் என்றார். ஓட்டுகிறவரும் இன்னொருவரும் உட்கார்ந்தபடியே நாலுக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில் அது ஏறிக் காட்டியதும் பேச்சு முடிந்தது. 1949-இல் மார்க் ஏ விற்பனைக்கு வந்தது. பெயர் பாண்டுடையது, ஃபேக்டரி ஷார்ப்ஸுடையது. சில வருடங்களில் வடிவமைப்பு உரிமையும் ஷார்ப்ஸ் கைக்குப் போய், பாண்ட் வேறு வண்டிகளை வரையப் போய்விட்டார்.

பானட்டுக்குள்

மார்க் ஏ-யில் என்ன இல்லை என்று எழுதுவது சுலபம். கதவு இல்லை, ஏறித் தாண்டித்தான் உட்கார வேண்டும். பின்சக்கரங்களுக்கு ஸ்பிரிங் இல்லை, டயரில் காற்றைக் குறைத்து வைத்ததுதான் சஸ்பென்ஷன். முன்சக்கரத்தில் பிரேக் இல்லை. வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டும். கண்ணாடிக்குப் பதில் பெர்ஸ்பெக்ஸ். 122 சிசி எஞ்சின், 5 குதிரைத்திறன், மூன்று கியர்.

இருந்தது என்ன என்று பார்த்தால்தான் அந்த மனிதரின் மூளை புரியும். முன்னால் ஒரே சக்கரம். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் மூன்றும் ஒரே தொகுப்பு. எஞ்சினிலிருந்து ஒரு செயின் நேராக முன்சக்கரத்துக்கு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்பாது, எஞ்சினோடு சேர்ந்து மொத்தத் தொகுப்பும் திரும்பும். மாட்டு வண்டியில் மாடு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வண்டி போகிற மாதிரி, இழுப்பதும் திருப்புவதும் ஒரே இடத்தில் நடந்தது. பின்னாலிருக்கும் இரண்டு சக்கரத்துக்கும் உருளுவதைத் தவிர வேறு வேலையில்லை.

இதில் மிச்சமானதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரத்தைச் சேர்த்து ஓட்டினால் வளைவில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றியாக வேண்டும், அதற்கு டிஃபரென்ஷியல் வேண்டும். ஒரே சக்கரத்தை ஓட்டினால் அது தேவையே இல்லை. எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீளமான தண்டு இல்லை. பின் ஆக்சிலுக்கான கனமான உறை இல்லை. எடை, விலை, இரும்பு மூன்றும் ஒரே அடியில் குறைந்தன. ஐந்து குதிரைத்திறனில் இரண்டு பேர் ஏற்றம் ஏறியது இந்தச் சிக்கனத்தால்தான்.

ஸ்டார்ட் பண்ண உள்ளேயிருந்து ஒரு பிடியை இழுக்க வேண்டும். அது சண்டித்தனம் செய்தால் இறங்கிப் போய், பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ளேயே நின்றுகொண்டு மோட்டார் சைக்கிள் மாதிரி கிக்கரை உதைக்கலாம். காருக்குள் நின்று காரை உதைத்துக் கிளப்பிய நாடு உலகத்தில் வேறு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

1951-இல் வந்த மார்க் பி-யில் எஞ்சின் 197 சிசி ஆனது, பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வந்தது. 1952-இல் மார்க் சி. கார் மாதிரித் தெரிய வேண்டும் என்று முன்பக்கம் இரண்டு போலி மட்கார்டுகளைச் சேர்த்து அவற்றில் ஹெட்லைட்டை வைத்தார்கள். அவற்றுக்குள் சக்கரமே கிடையாது. இடப்பக்கம் ஒரு கதவு. முன்சக்கரத்துக்கும் பிரேக். பின்சக்கரங்கள் ரப்பர் சஸ்பென்ஷனில் தொங்கின.

மார்க் சி-யின் உண்மையான சாதனை அதன் ஸ்டியரிங். முன்சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 90 டிகிரி வரை திரும்பியது. சக்கரத்தைக் குறுக்காகத் திருப்பி ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் வண்டி தன் பின்சக்கரங்களைச் சுற்றி நின்ற இடத்திலேயே சுழன்றுவிடும். ரிவர்ஸ் கூடாது என்று சட்டம் சொல்கிறது; சரி, பின்னால் போகாமலே திரும்பினால் போயிற்று. ஒரு சட்டத் தடைக்கு இவ்வளவு அழகான எஞ்சினியரிங் பதிலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சுவரை முட்டிக்கொண்டு நிறுத்திவிட்டால் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும். வண்டியின் எடைக்கு அது ஒரு ஆள் வேலைதான்.

கார் லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு 1950களின் பிற்பாதியில் ரிவர்ஸும் கிடைத்தது. அதிலும் ஒரு குறும்பு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே சிலிண்டரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது. மேலே போனாலும் கீழே வந்தாலும் துளைக்கு ஒன்றுதான். ஆகவே பொறி விழும் நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும். சீபா டைனாஸ்டார்ட் என்ற ஜெர்மன் கருவி ஸ்டார்ட்டராகவும் டைனமோவாகவும் இருந்ததோடு, எஞ்சினைத் தலைகீழாகச் சுற்றிக் கிளப்பவும் செய்தது. பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி எதிர்ப்பக்கம் கிளப்ப வேண்டும். எல்லாக் கியரும் அப்போது ரிவர்ஸ் கியர்! ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் வடிவமைத்த மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர் 200-இலும் இதே ஏற்பாடு. நான்கு கியரிலும் பின்னோக்கி ஓடலாம். ஓட்டிப் பார்க்கும் தைரியம் யாருக்கு இருந்ததோ.

1958-இல் மார்க் எஃப் வந்து எஞ்சின் 246 சிசி ஆனது. 1961-இல் மார்க் ஜி-யில் ஹைட்ராலிக் பிரேக். மொத்தம் பதினேழு வருடத்தில் சுமார் 24,500 வண்டிகள். பெரிய கார் கம்பெனிக்கு இது சில வார உற்பத்தி. ஒரு சின்ன ஃபேக்டரிக்குப் பெரிய எண்ணிக்கை.

நல்ல காலம்

1956-இல் சூயஸ் கால்வாய் தகராறு வந்தது. டிசம்பரில் மறுபடியும் பெட்ரோல் ரேஷன். 1957 மே மாதம் வரை நீடித்தது. கொஞ்சம் பெட்ரோலில் அதிக தூரம் போகும் எந்த வண்டிக்கும் திடீர் மவுசு. ஜெர்மனியிலிருந்து குமிழி வடிவக் கார்கள் வந்து இறங்கின. 1957-இல் பிரைட்டனில் பழைய ரயில் பணிமனை ஒன்றில், அவற்றில் ஒன்றான ஐசெட்டாவையே செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே சரக்கு வரவும் போகவும் ரயிலை விட்டால் வழியில்லை. ஐசெட்டாவின் மூல வடிவத்துக்குப் பின்னால் நெருக்கமாக இரண்டு சக்கரம் உண்டு. பிரிட்டனுக்காக அதில் ஒன்றைக் கழற்றி ஒற்றைச் சக்கரமாக்கிய வகையும் விற்றது. காரணம் வரியும் லைசென்ஸும்தான். ஒரு சக்கரம் குறைந்தால் விலை குறைவதை விட வரி அதிகம் குறைந்த நாடு அது.

லாரன்ஸ் பாண்டும் சும்மா இல்லை. பெர்க்லி என்ற பெயரில் கேரவன் செய்துகொண்டிருந்தவர்களுக்காக ஃபைபர் உடம்பு வைத்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வரைந்து கொடுத்தார். 1956-இல் வந்தது. பார்க்க அழகாக இருக்கும். கம்பெனி 1960 கடைசியில் திவாலானது.

1959 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மினியை வெளியிட்டது. நான்கு சக்கரம், நான்கு சிலிண்டர், 848 சிசி, நான்கு பெரியவர்களுக்கு இடம், ஹீட்டர் மாட்டலாம். வரியோடு 497 பவுண்டு. இந்த 497-இல் 350 வண்டியின் விலை, மீதி சுமார் 147 பவுண்டு வரி. மூன்று சக்கர வண்டி செய்தவர்களைக் காப்பாற்றி வைத்திருந்த சுவர் இந்த 147 பவுண்டுதான்.

சுவர் இடிந்தது

கார் மீதான கொள்முதல் வரி 1961 ஜூலையில் 55 சதவீதம். 1962 ஏப்ரல் பட்ஜெட்டில் செல்வின் லாயிட் அதை 45 ஆக்கினார். ஜூலையில் பிரதமர் மேக்மில்லன் அவரையும் இன்னும் பல அமைச்சர்களையும் ஒரே வீச்சில் நீக்கினார். புதிதாக வந்த மாட்லிங்கின் வேலை, மந்தமாகியிருந்த பொருளாதாரத்தைத் தட்டி எழுப்புவது. கார் தொழிலைக் கிளப்பினால் எஃகு, ரப்பர், கண்ணாடி எல்லாம் கிளம்பும் என்பது அவருடைய கணக்கு. நவம்பரில் வரி 25-க்கு வந்தது. பதினாறு மாதத்துக்குள் பாதிக்கும் கீழே.

மூன்று சக்கரத்துக்கு ஏற்கெனவே 25 சதவீதம்தான் வரி. பட்ஜெட் அதைக் கூட்டவில்லை, சலுகை எதையும் பிடுங்கவுமில்லை. பக்கத்துக் கடைக்காரன் விலை இறங்கினான், அவ்வளவுதான். ஆனால் விலை ஒன்றையே நம்பி இருந்தவனுக்கு அது போதும். கிராட்ரிக்ஸின் தந்தி இந்த இடத்தில்தான் வருகிறது. மினிகார் விற்பனை அதற்குப் பிறகு சரசரவென்று சரிந்தது.

இதுவரை எல்லாரும் சொல்வதுதான். எனக்கு இடிப்பது டாம்வொர்த்.

டாம்வொர்த்தில் நடந்தது

டாம்வொர்த்தில் ரிலையண்ட் என்ற கம்பெனி. டாம் வில்லியம்ஸ் என்பவர் 1935-இல் தொடங்கியது. அதற்கு முன் அவர் ராலி கம்பெனியில் மூன்று சக்கர வண்டிகள் செய்த பிரிவில் இருந்தார். ராலி அந்த வேலையைக் கைவிட்டதும் இவர் தனியாக வந்து மூன்று சக்கர வேன் செய்ய ஆரம்பித்தார். ஆஸ்டின் செவன் காரின் 747 சிசி எஞ்சினை வாங்கி மாட்டினார். ஆஸ்டின் அந்த எஞ்சினை நிறுத்தியபோது ரிலையண்ட்டே அதைச் செய்யத் தொடங்கியது. 1950களின் ஆரம்பத்தில் ரீகல் என்ற கார் வந்தது.

பாண்டும் ரீகலும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே ஜாதி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. உள்ளே குனிந்து பார்த்தால் உறவே கிடையாது. ரீகலின் முன்சக்கரம் திரும்புவதோடு சரி. எஞ்சின் நான்கு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக். அங்கிருந்து தண்டு, டிஃபரென்ஷியல், பின் ஆக்சில் என்று எல்லாம் காரில் உள்ளபடியே. பின்சீட்டில் பெரியவர்கள் உட்காரலாம். பாண்ட் செய்தது சைடுகாருக்குக் கூரை போட்ட மோட்டார் சைக்கிள். ரிலையண்ட் செய்தது ஒரு சக்கரம் குறைந்த கார்.

அந்த எட்டு ஹண்ட்ரட்வெயிட் வரம்பு ரிலையண்ட்டைத்தான் அதிகம் வாட்டியது. இவ்வளவையும் 406 கிலோவுக்குள் அடக்க வேண்டுமே. அலுமினியத் தகட்டை விட்டுவிட்டு 1956 வாக்கில் ஃபைபருக்குப் போனார்கள். பழைய இரும்பு எஞ்சின் கனம் என்பதால், சொந்தமாக 598 சிசி எஞ்சின் ஒன்றை முழுக்க அலுமினியத்தில் செய்தார்கள். பிரிட்டனில் பெருமளவில் தயாரான முதல் முழு அலுமினிய எஞ்சின் அதுதான். ரோல்ஸ் ராய்ஸும் ஜாகுவாரும் இருந்த நாட்டில் இந்தப் பெருமை ஒரு மூன்று சக்கர வண்டிக்குப் போனதற்குக் காரணம் ஒரு எடைச் சட்டம்.

அந்த எஞ்சின் போட்ட ரீகல் 3/25 (மூன்று சக்கரம், 25 குதிரைத்திறன் என்று பொருள்) வந்தது எப்போது? அதே 1962-இல். மாட்லிங் வரியைக் குறைத்த அதே வருடம். ஆறு வருடத்தில் 50,000-க்கு மேல் செய்தார்கள். பாண்ட் மினிகார் பதினேழு வருடத்தில் விற்றதைப் போல இரண்டு மடங்கு, அதுவும் மினி மலிவான பிறகு.

வரிதான் கொன்றது என்றால் ரிலையண்ட்டும் செத்திருக்க வேண்டும். ஏன் சாகவில்லை? 1962-இல் போனது கொள்முதல் வரியின் வித்தியாசம் மட்டுமே. சாலைவரியில் சலுகை இருந்தது, லைசென்ஸ் சலுகை இருந்தது. கார் டெஸ்ட் எழுத மனமில்லாத பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள், வடக்கே சுரங்க ஊர்களிலும் மில் ஊர்களிலும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மினி எவ்வளவு மலிந்தாலும் அவர்களால் சட்டப்படி அதை ஓட்ட முடியாது. அந்த வாடிக்கையாளர் காணாமல் போகவில்லை. டாம்வொர்த் வண்டிக்கு மாறினார்.

1949-இல் அவர் மார்க் ஏ-யைப் பார்த்தபோது ஒப்பிட்டது சைடுகாரோடு. நனையாமல் போகலாம், போதும். 1962-இல் அவருக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் மினி நிற்கிறது. இப்போது அவர் ஒப்பிடுவது காரோடு. மினிகாரில் அதே ஒற்றைச் சிலிண்டர் வில்லியர்ஸ், அதே புகை, பெட்ரோலில் ஆயிலைக் கலக்கும் அதே வேலை, பின்னால் குழந்தைகள் மட்டும் ஒடுங்கி உட்காரும் இடம். ஏ-யிலிருந்து ஜி வரை எத்தனையோ மாற்றினார்கள். முன்சக்கரத்தோடு திரும்பும் அந்தத் தொகுப்பை மட்டும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. வண்டியின் மொத்தச் சிக்கனமும் அதில்தான் இருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினையும் ரேடியேட்டரையும் சக்கரத்தோடு சேர்த்துத் திருப்ப முடியாதே. முதல் நாளில் வண்டியை மலிவாக்கிய அதே யோசனை, பதின்மூன்றாவது வருடத்தில் அது வளர விடாமல் பிடித்துக்கொண்டது. வரிக்குறைப்பு வராமல் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் தள்ளியிருக்கலாம் என்பதற்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பக்கவாட்டில் ஒரு செய்தி. ரிலையண்ட் தன் மூன்று சக்கர ராபினுக்கு நான்காவது சக்கரம் சேர்த்து 1975-இல் கிட்டன் என்ற காரைச் செய்தது. அதன் உரிமையைப் பெங்களூரின் சிபானி கம்பெனி வாங்கி, 1982-இல் டால்ஃபின் என்று விற்றது. எண்பதுகளில் நம் பக்கத்து மோட்டார் பந்தயப் பிரியர்கள் விரும்பிய அந்த லேசான ஃபைபர் கார் இந்த எட்டு ஹண்ட்ரட்வெயிட் பரம்பரையில் வந்தது. அதற்கும் முன்னால் அதே பெங்களூர்க் குழு பாதல் என்று சொந்தமாக ஒரு மூன்று சக்கரக் காரையும் விட்டுப் பார்த்தது. அது ஓடவில்லை.

கவிழும் வண்டி என்ற பெயர்

மூன்று சக்கரம் என்றாலே கவிழும் என்பார்கள். எல்லா மூன்று சக்கர வண்டியும் அப்படியல்ல. வண்டியின் சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். கனத்தின் மையம் அதற்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். முன்னால் ஒரு சக்கரம் என்றால் முக்கோணத்தின் கூர்முனை முன்னால். வளைவில் பிரேக் பிடித்தால் கனம் முன்னாலும் வெளிப்பக்கமும் சரியும். அங்கேதான் முக்கோணம் ஒடுங்கியிருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மோர்கன் இதற்கு நேர்மாறு. பிரேக் பிடித்தால் கனம் அகலமான பக்கம் போகும். 1910-லிருந்து மோர்கன் பந்தயங்களில் ஓடியது அதனால்தான்.

இது தெரிந்தும் பாண்டும் வில்லியம்ஸும் முன்னால் ஒற்றைச் சக்கரத்தைத் தேர்ந்தார்கள். பாண்டுக்கு அந்த ஒற்றைச் சக்கரத் தொகுப்புதான் வண்டியே. வில்லியம்ஸுக்குப் பின்னால் அகலமான சாமான் மேடை வேண்டும். அவர் தொடங்கியது வேனில். பாண்டின் எஞ்சின் முன்சக்கரத்தின் மேலேயே இருந்ததால் முனையில் கனம் இருந்தது, வேகமும் குறைவு. வேகம் கூடிய பிறகுதான் இந்தக் கணக்கு கழுத்தைப் பிடித்தது.

பிரெஸ்டனின் கடைசி முயற்சிகள்

1963-இல் ஷார்ப்ஸ் ட்ரையம்ப் பாகங்களை வைத்து ஈக்விப் என்ற நான்கு சக்கர ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. நல்ல கார். மினிகார் வாங்குபவருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அடுத்த வருடம் கம்பெனி தன் பெயரை பாண்ட் கார்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

மூன்று சக்கரத்துக்கு மறுபடி லாரன்ஸ் பாண்டையே அழைத்தார்கள். அவர் வரைந்தது பாண்ட் 875. ஹில்மன் இம்ப் காரின் 875 சிசி அலுமினிய எஞ்சின் பின்னால், ஒற்றைச் சக்கரம் முன்னால். நாலு வருடம் முன்பு தேவைப்பட்ட நான்கு சிலிண்டர் கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் எட்டு ஹண்ட்ரட்வெயிட்டுக்குள் நிற்க வேண்டி ஃபைபர் உடம்பை மெலிதாக்கினார்கள், உள்ளே அலங்காரத்தைச் சுரண்டினார்கள். இம்ப் வேனுக்கான குறைந்த அழுத்த எஞ்சினைப் போட்டும்கூட 34 குதிரைத்திறன். மினிகாரின் முதல் எஞ்சினைப் போல கிட்டத்தட்ட ஏழு மடங்கு, அதே ஒற்றை முன்சக்கரத்தை நம்பி. கனமெல்லாம் பின்னால் இருக்க, முனை காற்றில் அலைந்தது. 1966 முதல் 1970 வரை சுமார் 3,400 விற்றது.

1969 பிப்ரவரியில் ரிலையண்ட் பாண்டை வாங்கிவிட்டது. ஈக்விப்பின் ஸ்போர்ட்ஸ் கார் வாடிக்கையாளர்களும் பாண்டின் விற்பனையாளர்களும் அவர்களுக்கு வேண்டியிருந்தார்கள். பிரெஸ்டன் ஃபேக்டரி தேவைப்படவில்லை; 1970-இல் அதை மூடினார்கள். 1962 தந்தி பயந்தது எட்டு வருடம் தாமதமாக நடந்தது.

பெயர் மட்டும் இன்னொரு சுற்று வந்தது. ஓகல் டிசைனின் டாம் காரன் வரைந்து, ரிலையண்ட் பாகங்களில் டாம்வொர்த்தில் செய்த பாண்ட் பக், 1970-இல் வெளியானது. ஆப்பு வடிவம், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், கதவுக்குப் பதில் மேற்கூரை முழுதாகத் தூக்கித் திறக்கும். இரண்டு பேர் மட்டும். உயர்ந்த ரகத்தின் விலை 629 பவுண்டு. அதே சமயம் சாதாரண மினி 620. மலிவு என்ற பேச்சையே விட்டுவிட்டு, பார்த்ததும் ஆசைப்படும் இளவட்டங்களுக்காகச் செய்த முதல் பாண்ட் மூன்று சக்கரம் அது. 1974 வரை சுமார் 2,270 போனது.